ஆச்சியின் பசியும் என் சர்க்கரையும்

தாராவியில் எங்கள் வீட்டில் மூன்று தலைமுறை ஒரே அடுப்பில் சாப்பிடுகிறது. ஆச்சி திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமான கையோடு மும்பைக்கு வந்தவர். விடியும் முன்னே குடத்தோடு குழாயடி வரிசையில் நின்றவர். 1966 பஞ்சத்தில் என் அம்மா அவர் வயிற்றில் இருந்தபோது ரேஷன் கோதுமையைக் கஞ்சியாகக் காய்ச்சி, எல்லாரும் குடித்தபின் மிஞ்சியதைக் குடித்தவர். எண்பதை நெருங்கியும் அவருக்குச் சர்க்கரை இல்லை. அம்மாவுக்கு 44 வயதில் வந்தது. எனக்கு 33 வயதிலேயே "பார்டர்ல இருக்கு" என்று சொல்லிவிட்டார்கள்.

"நாங்க படாத பாடா? எங்களுக்கு ஒரு நோவும் வரலையே. நீங்கதான் உக்காந்த எடத்துல தின்னு சீக்க வாங்கிக்கிடுதீய" என்பார் ஆச்சி. அவர் சொல்வதில் பாதி உண்மை. அம்மா தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தே இருபது வருஷம் கழித்தவர். நான் அந்தேரியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். மீதிப் பாதி 1966இல் இருக்கிறது.

கருவுக்கு வரும் சத்து குறைந்தால் என்ன ஆகும்? கரு எல்லா உறுப்புகளுக்கும் சமமாகக் குறைத்துக்கொள்வதில்லை. மூளைக்குப் போவதை முடிந்தவரை காப்பாற்றிக்கொண்டு மற்ற இடங்களில் கைவைக்கிறது. தசை குறைகிறது. கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்கள் குறைகின்றன. சிறுநீரகத்தின் வடிகட்டிகளும் அப்படித்தான். அவை ஏறக்குறைய 36 வாரத்தோடு உருவாகி முடிந்துவிடும். பிறந்தபின் எவ்வளவு நன்றாகச் சாப்பிட்டாலும் புதிதாக ஒன்றுகூட முளைக்காது.

எங்கள் தெருவில் இதை விளக்குவது எளிது. கையில் காசு இல்லாத காலத்தில் ஆழமில்லாத அஸ்திவாரம் போட்டு ஒரு அறை கட்டுவார்கள். ஒற்றை அறையாக இருக்கும்வரை அது நிற்கும். காசு வந்தபின் அதன்மேல் ஒரு மாடியை ஏற்றினால்தான் சுவரில் விரிசல் தெரியும். அம்மாவின் உடம்புக்கு அஸ்திவாரம் பஞ்சத்தில் போடப்பட்டது. அப்புறம் வடாபாவும் இனிப்பு டீயும் உட்கார்ந்த வேலையும் அதன்மேல் மாடியாக ஏறின. ஆச்சியும் வறுமையில் பிறந்தவர்தான், ஆனால் அவர் உடம்பின்மேல் மாடி ஏறவே இல்லை. தண்ணீர் சுமந்து, நடந்து, அளவாகச் சாப்பிட்டே அவர் காலம் போயிற்று.

பிறப்பு எடைக்கும் பிற்கால நோய்க்கும் உள்ள தொடர்பை உலகம் கவனிக்கவைத்தவர் இங்கிலாந்து மருத்துவர் டேவிட் பார்க்கர். 1980களின் கடைசியில் ஹெர்ட்ஃபோர்ட்ஷயரின் பழைய பிரசவப் பதிவேடுகளைப் புரட்டிய அவருடைய குழு, எடை குறைந்து பிறந்தவர்கள் பெரியவர்களானபின் இதய நோயால் அதிகம் இறந்திருப்பதைக் கண்டது. நம் ஊர்க் கதையைச் சொன்னவர் புனே கே.இ.எம். மருத்துவமனையின் சித்தரஞ்சன் யாஜ்னிக். 1993இல் தொடங்கி புனேயைச் சுற்றிய கிராமங்களில் பிறந்த குழந்தைகளை அவர் குழு அளந்தது. சராசரி எடை 2.7 கிலோ. இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் பிறந்த குழந்தைகள் 3.5 கிலோ. அந்த 800 கிராம் எங்கிருந்து குறைந்தது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. நம் குழந்தைகளுக்குத் தசையும் வயிற்று உறுப்புகளும் நிறையக் குறைந்திருந்தன. முதுகுத் தோலுக்கு அடியிலுள்ள கொழுப்போ கொஞ்சம்தான் குறைந்திருந்தது. பார்க்க ஒல்லி, உள்ளே கொழுப்பு. சாப்பிட்டபின் இரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் பெரும்பகுதியை வாங்கிக்கொள்வது தசைதான். அதுவே குறைவு என்றால் கணையம் எவ்வளவு நாள் ஈடுகொடுக்கும்?

2004இல் யாஜ்னிக் தன்னையும் ஜான் யட்கின் என்ற பிரிட்டிஷ் நண்பரையும் அருகருகே நிறுத்திய ஒரு படத்தை வெளியிட்டார். உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் பி.எம்.ஐ. இருவருக்கும் ஒன்றே, 22.3. உடல் கொழுப்பு யட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2.

சரி, என் கதைக்கு வருகிறேன். அம்மா காலத்தில் பஞ்சம். நான் பிறக்கும்போது வீட்டில் மூன்று வேளைச் சோறு இருந்தது. எனக்கு ஏன் இன்னும் சீக்கிரம் வந்தது? ஒரு பெண் கருவுக்கு ஐந்து மாதம் ஆவதற்குள் அதன் சூலகத்தில் அறுபது, எழுபது லட்சம் கருமுட்டைகள் உருவாகிவிடுகின்றன. என்னை உண்டாக்கிய முட்டையும் அதில் ஒன்று. அதாவது ஆச்சி அன்று குடித்த கஞ்சி ஒரே நேரத்தில் மூன்று பேரைத் தொட்டிருக்கிறது: அவரை, அம்மாவை, பாதி நானாக இருந்த அந்த ஒற்றைச் செல்லை.

அந்தத் தொடுதல் தடம் விடுமா என்பதற்கு நெதர்லாந்தில் ஒரு சான்று உண்டு. 1944 நவம்பரிலிருந்து 1945 மே வரை, ஜெர்மானியப் படைகளின் பிடியில் அங்கே கடும் பஞ்சம். அந்த மாதங்களில் கருவானவர்களை அறுபது வருஷம் கழித்துச் சோதித்தார்கள். அவர்களுடைய டி.என்.ஏ.வின் எழுத்துகள் மாறவில்லை. ஆனால் வளர்ச்சியோடு தொடர்புடைய ஒரு மரபணுவின்மேல் ஒட்டியிருக்கும் மெத்தில் என்ற சிறு வேதிக்குறிகள், பஞ்சத்தைப் பார்க்காத அவர்களுடைய உடன்பிறப்புகளைவிடக் குறைவாக இருந்தன. இப்படிப்பட்ட குறி பேரப்பிள்ளைவரை போகும் என்பதற்கு எலிகளிடம் சான்றுகள் உண்டு. மனிதர்களில் அது இன்னும் விவாதத்தில்தான் இருக்கிறது. தெளிவாகத் தெரிவது இன்னொரு வழி. சத்துக் குறைவில் வளர்ந்த பெண் பெரியவளாகி, சின்ன உடம்போடும் இரத்தத்தில் ஏறிய சர்க்கரையோடும் பிள்ளை சுமக்கும்போது அடுத்த கரு அந்த உடம்புக்குள்தான் வளர வேண்டும்.

இதை மாற்ற முடியுமா என்று எங்கள் மும்பைச் சேரிகளிலேயே சோதித்திருக்கிறார்கள். 2006 முதல் 2012 வரை ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களைக் கர்ப்பத்துக்கு முன்பே சேர்த்து, தினமும் ஒரு பலகாரம் கொடுத்தார்கள். ஒரு பிரிவினருக்குக் கீரை, பழம், பால் சேர்ந்தது. மற்றவர்களுக்கு உருளைக்கிழங்கு, வெங்காயம் போன்ற சத்துக் குறைந்த காய்களில் செய்தது. எல்லாரையும் சேர்த்துப் பார்த்தால் குழந்தைகளின் எடையில் பெரிய மாற்றம் இல்லை. கருத்தரிக்க மூன்று மாதமாவது முன்பே கீரைப் பலகாரத்தைச் சாப்பிடத் தொடங்கியவர்களுக்கு மட்டும் குழந்தை எடை மற்ற பிரிவைவிட 48 கிராம் கூடியது. பரிசோதிக்கப்பட்டவர்களில் கர்ப்பகாலச் சர்க்கரை கீரைப் பலகாரப் பிரிவில் 7.3 சதவீதம், மற்ற பிரிவில் 12.4. நாம் கர்ப்பிணியைக் கவனிக்கத் தொடங்குவதே நாள் தள்ளிப்போனபின்தான். கருவின் உறுப்புகளுக்கு அடித்தளம் விழும் வாரங்கள் அதற்குள் ஓடிக்கொண்டிருக்கின்றன. நம் வீடுகளில் கடைசியாகத் தட்டெடுக்கும் பெண்ணுக்கு அந்த வாரங்களில் என்ன கிடைக்கிறது என்பதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது.

இதையெல்லாம் ஆச்சியிடம் சொன்னபோது அவர் முகம் வாடிவிட்டது. "அப்போ நான் ஒழுங்கா திங்காததுனாலயா?" என்றார். இல்லை ஆச்சி, உங்களுக்குக் கிடைக்கவில்லை, கிடைத்ததிலும் நீங்கள் கடைசி என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அம்மா வயிற்றில் இருந்தபோது முருங்கைக்கீரைக்கு அப்படி ஏங்கியதாகச் சொன்னார். "ஊர்ல வாசல்லயே மரம் நின்னுச்சு. இங்க அதுக்கும் துட்டு கேட்டான்."