பக்கம் மாறும் பாலைவனம்

வரைபடத்தில் பார்த்தால் சென்னையும் லிமாவும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. சென்னை பூமத்திய ரேகைக்கு வடக்கே 13 டிகிரியில் இருக்கிறது. பெரு நாட்டின் தலைநகரான லிமா தெற்கே 12 டிகிரியில். இரண்டும் கடலோர நகரங்கள். இரண்டிலும் ஒரு கோடியை ஒட்டிய ஜனத்தொகை. சூரியன் தலைக்கு மேல் வரும் கணக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மி.மீ மழை. லிமாவில் 20 மி.மீ கூடத் தேறாது. நம் ஊரில் ஐப்பசியில் ஒரு சாயங்காலம் கொட்டுவதை லிமா சில வருடங்களுக்கு வைத்துக்கொள்ளும்.

மழைதான் இல்லையே, கொளுத்தும் வெயில் இருக்கும் என்று நினைத்தால் அதுவும் இல்லை. உச்சக் கோடையான பிப்ரவரியில் பகல் வெப்பம் 27, 28 டிகிரியைத் தாண்டுவது அபூர்வம். ஆகஸ்ட் மாதம் பகலிலேயே 19 டிகிரிதான். அந்த மாதங்களில் வானம் வாரக்கணக்கில் மூடிக் கிடக்கும். மொட்டை மாடியில் போட்ட துணி இரண்டு நாளானாலும் சொதசொதவென்றே இருக்கும். மூக்குக்கண்ணாடியில் பூந்தூறல் படியும், தெரு நனைந்த மாதிரி இருக்கும், வாளியில் பிடிக்க ஒரு சொட்டு விழாது. அந்தச் சாம்பல் நிற வானத்துக்கு லிமாக்காரர்கள் வைத்திருக்கும் பெயர் 'கழுதை வயிறு'.

காற்றில் இவ்வளவு ஈரம் இருந்தும் ஏன் மழை இல்லை? இதற்கு விடை தேடினால் தென் அமெரிக்கா முழுவதன் தட்பவெப்பமும் பிடிபட்டுவிடும்.

முதலில் கடல். இந்தக் கரையோரம் ஆண்டு முழுவதும் காற்று தெற்கிலிருந்து வடக்கு நோக்கி, கரையை உரசிக்கொண்டு வீசுகிறது. பூமி சுழல்வதால் தென் அரைக்கோளத்தில் நகரும் எதுவும் தன் இடப்பக்கமாக ஒதுங்கும். வடக்கே தள்ளப்படும் தண்ணீருக்கு இடப்பக்கம் மேற்கு, அதாவது நடுக்கடல். மேல்தண்ணீர் அப்படி விலகிப் போக, அந்த இடத்தை நிரப்ப ஆழத்திலிருந்து குளிர்ந்த தண்ணீர் மேலே வருகிறது. 1802இல் லிமாவின் துறைமுகமான கயாவோவில் ஜெர்மன் இயற்கை விஞ்ஞானி அலெக்சாண்டர் ஃபான் ஹம்போல்ட் கடலில் வெப்பமானியை இறக்கிப் பார்த்தபோது, அது வெப்பமண்டலக் கடலுக்குப் பொருந்தாத சில்லிப்பைக் காட்டியது. பிற்பாடு அந்த நீரோட்டத்துக்கு அவர் பெயரே நிலைத்தது. அங்குள்ள மீனவர்களுக்கு அதற்கு வெகுகாலம் முன்பே அது தெரிந்த சங்கதிதான். ஆழத்துச் சத்தெல்லாம் மேலே வருவதால் அந்தக் கடலில் நம் நெத்திலிக்குப் பங்காளியான ஒரு மீன் கொழிக்கிறது. உலகில் ஒரே இனத்தை நம்பி நடக்கும் மீன்பிடிப்புகளில் அதுவே ஆகப் பெரியது.

அடுத்தது மேலே இருக்கும் மூடி. பூமத்திய ரேகையருகே எழுந்து மழையைக் கொட்டித் தீர்த்த காற்று, தூரத்தில் போய் வறண்டு கீழே இறங்குகிறது. இறங்கும் காற்று அமுங்கிச் சூடாகும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சுடுவது இதனால்தான். ஆக, கீழே கடலைத் தொட்டுக் குளிர்ந்த காற்று, அதன்மேல் சூடான வறண்ட காற்று. பானைக்கு மூடி போட்டாயிற்று. மழை பெய்ய மேகம் பல கிலோமீட்டர் உயரத்துக்குப் பொங்க வேண்டும். இங்கே அது ஒரு கிலோமீட்டர் ஏறுவதற்குள் மூடியில் முட்டிப் படர்ந்துவிடுகிறது. பனிமூட்டம் உண்டு, மழை இல்லை.

இதன் உச்சம் லிமாவுக்குத் தெற்கே, அட்டகாமா பாலைவனத்தில். சிலியின் அரிகா நகரத்தில் 1903 அக்டோபரிலிருந்து 1918 ஜனவரி வரை, பதினாலு வருடத்துக்கு மேல், ஒரு சொட்டுக்கூடப் பதிவாகவில்லை. அந்தக் கரையில் பனிமூட்டத்தையே அறுவடை செய்கிறார்கள். நர்சரிகளில் நிழலுக்குக் கட்டுவது போன்ற வலையைக் குன்றின் முகட்டில், காற்றுக்குக் குறுக்கே விறைப்பாகக் கட்டுவார்கள். மூட்டம் ஊடுருவும்போது இழையில் துளிகள் கோத்து, பருத்து, வழிந்து அடியில் உள்ள குழாயில் சேரும். 1990களில் சுங்குங்கோ என்ற மீனவர் கிராமத்துக்கு இப்படி நாளொன்றுக்குச் சராசரியாக 15,000 லிட்டர் கிடைத்தது. அதுவரை அந்த ஊருக்குத் தண்ணீர் லாரியில்தான் வந்தது.

கடலும் மூடியும் இருந்தாலும், கிழக்கே இருந்து மழை வரலாமே? வர விடாமல் நிற்பது ஆண்டீஸ் மலைத்தொடர். பசிபிக் அடியிலுள்ள நாஸ்கா என்ற புவித்தட்டு, கண்டத்துக்குக் கீழே ஆண்டுக்கு ஆறேழு சென்டிமீட்டர் புதைந்துகொண்டே போவதால் மடிந்தும் எரிமலையாய்க் கக்கியும் எழுந்த சுவர் அது. நீளம் சுமார் 7,000 கி.மீ. ஆக உயர்ந்த அகோன்காகுவா 6,961 மீட்டர். சுவருக்கு அந்தப்பக்கம் அமேசான் காடு. அமேசானின் தலைஊற்றுகள் சில, பசிபிக் கடலிலிருந்து 200 கி.மீ.க்குள்ளேயே இருக்கின்றன. ஆனாலும் அந்தத் தண்ணீர் மேற்கே இறங்க வழியில்லாமல், கண்டம் முழுவதையும் குறுக்கே கடந்து அட்லாண்டிக்கில் போய் விழுகிறது. வழியில் இறக்கமும் அதிகம் இல்லை, அவ்வளவு தட்டை. ஆற்று வழியே அட்லாண்டிக்கிலிருந்து 3,000 கி.மீ.க்கு மேல் உள்ளே இருக்கும் இகிடோஸ் நகரம், கடல் மட்டத்திலிருந்து 100 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது.

ஆற்றைவிட ஆச்சரியம், அந்தக் காட்டுக்கு மழை போய்ச் சேரும் விதம். அட்லாண்டிக்கிலிருந்து வரும் ஈரக்காற்று உள்ளே போகப் போக மழையாகக் கொட்டிக் காலியாக வேண்டும். ஆயிரம் கிலோமீட்டர் தாண்டினால் காடு கருக வேண்டும். கருகவில்லையே, ஏன்? 1970களில் பிரேசில் விஞ்ஞானி எனியாஸ் சலாத்தி மழைநீரின் எடையைக் கொண்டு இதை அவிழ்த்தார். தண்ணீரில் கனமான ஆக்சிஜன் கொண்ட மூலக்கூறுகள் கொஞ்சம் கலந்திருக்கும். மழையாகும்போது அவை முந்திக்கொண்டு இறங்கும். எனவே உள்ளே போகப் போகப் பெய்யும் மழை இலேசாகிக்கொண்டே போக வேண்டும். அமேசானில் எதிர்பார்த்த அளவுக்கு இலேசாகவில்லை. பெய்த மழையை மரங்கள் வேரால் உறிஞ்சி, இலை வழியே அப்படியே காற்றுக்குத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தன. ஏறத்தாழப் பாதி மழை இப்படிச் சுழல்வதுதான். காடு ஒரு நாளில் வெளிவிடும் ஆவி 2,000 கோடி டன் என்று மதிப்பிடுகிறார்கள். அமேசான் ஆறு ஒரு நாளில் கடலில் விடுவதைவிட அது கொஞ்சம் அதிகம். பிரேசிலில் இதற்குப் 'பறக்கும் ஆறுகள்' என்று பெயர். அந்த ஆறுகள் ஆண்டீஸில் முட்டி, சுவரை ஒட்டியே தெற்கே திரும்பி, பராகுவே, வட அர்ஜென்டினா, தென் பிரேசில் வயல்களில் போய்ப் பெய்கின்றன. மேற்கே லிமாவுக்குக் கிடைப்பது, மலை உச்சிகளில் விழுந்து ரிமாக் ஆற்றில் இறங்கும் மிச்சம் மட்டுமே.

செங்கோட்டையில் பஸ் ஏறி ஆரியங்காவு தாண்டியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆடி மாதம் அந்தப்பக்கம் அடைமழை, இந்தப்பக்கம் வெறும் காற்று. கணவாய் இருப்பதால் தென்காசிக்குச் சாரலாவது வரும். ஆண்டீஸில் சாரலுக்குக்கூட வழியில்லாத அளவுக்குச் சுவர் உயரம். ஆனால் நம் மலைக்கு இல்லாத ஒரு வித்தை அதற்கு உண்டு. நம் ஊரில் காற்று பருவத்துக்குப் பருவம் திசை மாறும். அங்கே இடத்துக்கு இடம் மாறும்.

வெப்பமண்டலத்தில் காற்று கிழக்கிலிருந்து வருகிறது. அதனால் மலைக்குக் கிழக்கே காடு, மேற்கே பாலை. தெற்கே 35, 40 டிகிரியைத் தாண்டினால் மேற்கிலிருந்து வீசும் மேல்காற்றின் ராஜ்ஜியம். பசிபிக்கிலிருந்து தடையில்லாமல் ஓடிவரும் அந்தக் காற்று தென் சிலியின் சரிவுகளில் மோதி ஆண்டுக்குச் சில ஆயிரம் மி.மீ மழையும் பனியுமாய்க் கொட்டுகிறது. பாசி படர்ந்த காடும் பனியாறுகளும் அங்கே. மலையைத் தாண்டி அர்ஜென்டினாவின் படகோனியாவுக்குள் இறங்கினால் 200 மி.மீ தேறினால் பெரிது; முள்புதர், புழுதி, ஓயாத காற்று. அதே மலைதான். பாலைவனம் மட்டும் மேற்கிலிருந்து கிழக்குக்குப் பக்கம் மாறிவிட்டது.

அப்படியானால் எங்கோ ஓரிடத்தில் பாலைவனம் மலை மேலேறிக் கடந்திருக்க வேண்டும் அல்லவா? கடந்திருக்கிறது. சுமார் 20 முதல் 27 டிகிரி தெற்கு வரை இருபக்கக் காற்றும் ஈரத்தோடு எட்டாத பகுதி. அங்கே சிகரங்களின் தலையே வறண்டு கிடக்கிறது. 6,739 மீட்டர் உயரமுள்ள யுயையாகோ சிகரத்தில் பனியாறே கிடையாது. குளிருக்குக் குறைவில்லை, உறைவதற்குத்தான் தண்ணீர் இல்லை. இன்கா பேரரசின் காலத்தில் அந்த உச்சியில் பலியிட்டுப் புதைக்கப்பட்ட மூன்று குழந்தைகளின் உடல்கள் 500 ஆண்டுகள் கழித்து 1999இல் கெடாமல் கிடைத்தன. அந்தக் குளிரும் வறட்சியும்தான் அவற்றைப் பாதுகாத்தன.

எல்லாம் இந்தக் கணக்குக்குள் அடங்கும் என்று சொல்லமாட்டேன். கொலம்பியாவின் பசிபிக் கரை மலைக்கு மேற்கேதான் இருக்கிறது. ஆனால் அங்கே குளிர் நீரோட்டம் எட்டுவதில்லை. வெதுவெதுப்பான கடல் காற்று மலையில் மோதி, சில இடங்களில் ஆண்டுக்கு 12,000 மி.மீ.க்கு மேல் பெய்கிறது. மேகாலயாவின் மௌசின்ராமுக்குப் போட்டி. சுவரைவிடக் கடல்தான் முக்கியம் என்று வாதாட விரும்புகிறவர்கள் இந்த ஊர்களைத்தான் சாட்சிக்கு அழைப்பார்கள்.

மலை மேலேயும் தனி உலகம். ஈக்வடாரின் கீடோ நகரம் கிட்டத்தட்டப் பூமத்திய ரேகை மேலேயே இருக்கிறது. உயரம் 2,850 மீட்டர் என்பதால் ஆண்டு முழுக்கச் சராசரி 15 டிகிரியை ஒட்டியே நிற்கும். கோடை, குளிர் என்று மாதத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது, உயரத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். பொலிவியாவின் 3,800 மீட்டர் மேட்டுநிலத்தில் ஜூன் மாதம் பகலில் வெயில் சுரீரென்று குத்தும், இரவில் தண்ணீர் உறையும். அந்த ஊர்ப் பெண்கள் உருளைக்கிழங்கை இரவில் வெட்டவெளியில் பரப்பி உறைய விடுவார்கள். காலை வெயிலில் அது இளகியதும் காலால் மிதித்து நீரைப் பிழிவார்கள். சில நாள் இப்படிச் செய்து காயவைத்தால் கூழாங்கல் மாதிரி ஆகிவிடும். 'சுன்யோ' என்று பெயர், வருடக்கணக்கில் கெடாது. இலாமா என்ற மலை மிருகத்தின் இறைச்சியையும் இதேபோல் உப்பிட்டு வற்றலாக்குவார்கள், நம் உப்புக்கண்டம்தான்.

சில வருடங்களில் இந்த ஏற்பாடு முழுவதும் தலைகீழாகும். கிழக்குக் காற்று தளர்ந்து, பசிபிக்கின் சூடான தண்ணீர் பெருவின் கரைப்பக்கம் திரும்பி வரும். மூடி திறந்துகொள்ளும். கிறிஸ்துமஸை ஒட்டி வருவதால் மீனவர்கள் அதற்கு 'எல் நீன்யோ', குழந்தை இயேசு, என்று பெயரிட்டார்கள். 1998இல் வட பெருவின் செச்சுரா பாலைவனத்தில் பெரிய ஏரி ஒன்றே தேங்கி நின்றது. அதே குழந்தை, மற்ற இடங்களில் மழையைப் பறிக்கும். நம் பாட்டிமார் தாது வருஷப் பஞ்சம் என்று சொன்ன 1876–78 பஞ்சத்தின் பின்னால் 1877இன் கடுமையான எல் நீன்யோ இருந்தது. அதே 1877இல் வடகிழக்குப் பிரேசிலின் சியாரா மாகாணமும் காய்ந்து, அங்கேயும் ஜனங்கள் கூட்டம் கூட்டமாய்ச் செத்தார்கள். ஒருவருக்கு மற்றவர் இருப்பதே தெரியாது. பசிபிக்கின் இரு முனைகளிலும் காற்றழுத்தம் ஏற்றப்பலகை போல ஏறி இறங்குவதை, இந்திய வானிலைத் துறையின் தலைவராக இருந்த கில்பர்ட் வாக்கர், பருவமழையை முன்கூட்டிச் சொல்லும் முயற்சியில்தான் 1920களில் கண்டுகொண்டார்.

மழையை முன்கூட்டிச் சொல்லும் வித்தைக்கு ஆண்டீஸ் விவசாயிகள் வேறு வழியில் வந்து சேர்ந்திருந்தார்கள். ஜூன் 24ஐ ஒட்டிய நாட்களில், விடியுமுன் குளிரில் குன்றேறி, நாம் கார்த்திகை என்று சொல்லும் நட்சத்திரக் கூட்டத்தைப் பார்ப்பார்கள். பெரிதாய், பளிச்சென்று தெரிந்தால் மழை நேரத்துக்கு வரும். மங்கினால் தாமதம். மூடநம்பிக்கை என்று பலரும் தள்ளிய இதை மானிடவியலாளர் ஒருவரும் காலநிலை விஞ்ஞானிகள் இருவரும் சோதித்து, 2000இல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். எல் நீன்யோ உருவாகும் ஆண்டுகளில் அந்த மலைக்கு வெகு உயரத்தில், கண்ணுக்குத் தெரியாத மெல்லிய மேகம் படர்கிறது. பிரகாசமான நட்சத்திரங்களை அது ஒன்றும் செய்யாது. கூட்டத்தின் ஓரத்தில் மினுக்கும் பொடி நட்சத்திரங்கள்தான் மறையும். அப்படி மறைந்த வருடங்களில் மழை உண்மையிலேயே பிந்தியது, குறைந்தது. உருளைக்கிழங்கு நட்ட கையோடு வறட்சி தாங்காது. எண்ணிப் பார்த்தவர்களுக்கு ஒன்றிரண்டு நட்சத்திரம் குறைந்தால், அக்டோபரில் இறங்க வேண்டிய விதைக்கிழங்கு இன்னும் நாலைந்து வாரம் மூட்டையிலேயே கிடக்கும்.