பழைய ஸ்லாட் கார் செட்: பிளக்கைச் செருகும் முன்

ஸ்லாட் கார் என்றால் டிராக்கின் பள்ளத்தைப் பிடித்து மின்சாரத்தில் ஓடும் பொம்மைக் கார். அறுபது வருடம் பெட்டிக்குள் கிடந்த அப்படியொரு ரேஸ் செட் கைக்கு வந்ததும், ஓடுகிறதா பார்க்கலாம் என்றுதான் கை பரபரக்கும். டிராக்கை மாட்டி, கூடவே வந்த டிரான்ஸ்ஃபார்மரைச் சுவரில் செருகி, கன்ட்ரோலரை முழுக்க அழுத்துவார்கள். மோட்டார் கருகுவதும் ஷாக் அடிப்பதும் அந்த நிமிடத்தில்தான்.

பழைய டிரான்ஸ்ஃபார்மரை ஓட்டத்துக்குப் பயன்படுத்தவே வேண்டாம். சேகரிப்பின் ஓர் அங்கமாக அது பெட்டியிலேயே இருக்கட்டும். அக்கால வயரின் ரப்பர் உறை காய்ந்து, வளைத்தாலே உதிரும். உள்ளே இருக்கும் சுருளின் காப்பு என்ன நிலையில் இருக்கிறது என்பது மல்டிமீட்டருக்கும் பிடிபடாது. 500 வோல்ட் தரும் இன்சுலேஷன் டெஸ்டர் வேண்டும். அந்தக் காப்பு விட்டுப்போனால் சுவரிலிருந்து வரும் மெயின்ஸ் மின்சாரம் நேராக டிராக்கின் உலோகப் பட்டைக்கு வரும். அதைத் தொட்டு விளையாடுவது பெரும்பாலும் குழந்தைகள். வயரின் நிறத்தையும் நம்பக் கூடாது: பழைய பிரிட்டிஷ் வயரில் சிவப்பு லைவ், கறுப்பு நியூட்ரல்; அமெரிக்க வயரில் கறுப்புதான் லைவ். அமெரிக்க செட்டின் 120 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரை 230 வோல்ட்டில் செருகினால் சூடேறிக் கருகிவிடும்.

பழைய டிரான்ஸ்ஃபார்மருக்குப் பதிலாக, வோல்ட்டேஜையும் கரண்டையும் தனித்தனியாகக் கட்டுப்படுத்தக்கூடிய டிசி பவர் சப்ளை ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் முதலில் வண்டி எந்த வகை என்று பாருங்கள். 1957இல் தகர உடலுடன் வந்த ஸ்கேலெக்ஸ்ட்ரிக் முதல், 1/32 அளவு வண்டிகள் பெரும்பாலும் 12 வோல்ட் டிசி. அரோரா என்ற அமெரிக்க நிறுவனம் 1963இல் கொண்டுவந்த தண்டர்ஜெட் வண்டியும் டிசிதான். அதே அரோராவின் 1960ஆம் ஆண்டு வைப்ரேட்டர் வண்டிகள் மட்டும் ஏசியில் ஓடுபவை. அவற்றில் சுழலும் மோட்டாரே கிடையாது. ஒரு காயில் உலோகத் தகட்டை அதிரவைத்து, அந்த அதிர்வு பல்சக்கரத்தைத் தள்ளும். டிசி கொடுத்தால் தகடு ஒருமுறை இழுபட்டு நின்றுவிடும், காயில் சூடேறி எரியும்.

டிசி மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும் முன் கம்யூட்டேட்டரின் (மோட்டாரின் சுழலும் சுருள்களுக்கு மின்சாரம் கொடுக்கும் செம்பு வளையம்) மூன்று துண்டுகளை இரண்டிரண்டாக ஓம் அளந்து பாருங்கள். மூன்று அளவும் ஏறக்குறைய சமமாக இருந்தால் சுற்று நலம். ஒன்று மட்டும் மற்றவற்றைப் போல் இரு மடங்கு காட்டினால், அந்தச் சுற்று அறுந்திருக்கிறது. பிறகு இறுகிப்போன பழைய எண்ணெயைத் துடைத்து, பேரிங்குக்கு ஊசிமுனையால் ஒரே ஒரு துளி எண்ணெய். கூடினால் அது கம்யூட்டேட்டருக்கு வழிந்து, கார்பன் தூளோடு சேர்ந்து ஷார்ட் ஆகும். கரண்ட் வரம்பை அரை ஆம்பியரில் வைத்து, சக்கரம் தரையில் படாமல் பிடித்து, 3 வோல்ட்டில் தொடங்குங்கள். சக்கரம் சுழலாமல் கரண்ட் வரம்பைத் தொட்டால் உடனே நிறுத்துங்கள். எங்கோ இறுகியிருக்கிறது அல்லது ஷார்ட்.

அவசியமில்லாமல் ஆர்மேச்சரை, அதாவது மோட்டாரின் சுழலும் பகுதியை, கழற்றாதீர்கள். 1960களின் சில பெரிய மோட்டார்களில் இருக்கும் ஆல்நிகோ (அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த உலோகம்) காந்தம், இடையில் ஆர்மேச்சரின் இரும்பு இல்லாமல் போனால் வலுவிழக்கும். தண்டர்ஜெட்டில் இன்னொரு சிக்கல்: இரண்டு காந்தங்களில் ஒன்றைத் திருப்பிப் போட்டால் ஓடாது, இரண்டையும் திருப்பினால் பின்னோக்கி ஓடும். உடலைத் தாங்கும் பிளாஸ்டிக் தூண்களில் திருகை இறுக்கினால் அவை பிளக்கும். பிளந்த தூண் வண்டியின் மதிப்பைப் பாதியாவது தின்றுவிடும் என்பது எங்கள் கணிப்பு. திருகும்போது விரலில் லேசாகத் தடை தெரிந்ததும் நிறுத்துங்கள்.

டிராக்கில் துருவைக் கண்டதும் கம்பிநாரை எடுப்பவர்கள் பலர். தயவுசெய்து வேண்டாம். உதிரும் இரும்புத் துகள்களை மோட்டாரின் காந்தம் இழுத்துக்கொள்ளும். பிறகு எவ்வளவு சுத்தம் செய்தாலும் ஒன்றிரண்டு உள்ளே தங்கி ஷார்ட் ஆக்கும். மென்மையான நைலான் ஸ்க்ரப்பரால் பட்டையின் நீளவாக்கில் தேய்த்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்தால் போதும். அசிட்டோன் பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும்.

கன்ட்ரோலரையும் மல்டிமீட்டரில் பாருங்கள். மெதுவாக அழுத்தும்போது ஓம் சீராக இறங்க வேண்டும். நடுவில் திடீரென்று எண்ணே இல்லாமல் போனால் உள்ளே தடைக்கம்பி அறுந்திருக்கிறது.

வைக்கும்போது டயரும் வயரின் பிவிசி உறையும் வண்டியின் உடலைத் தொடக் கூடாது. அவற்றிலிருந்து கசியும் மென்மையூட்டி மெல்ல மெல்ல உடலின் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கை உருக்கி, வடுவை விட்டுவிடும். அச்சுக்கடியில் சிறு கட்டை வைத்துத் தூக்கி வைத்தால் டயர் தட்டையாகாது.