"காரே நிக்குதே சார்!"

கார் ஷெட்டை ஜிம்மாக்கியவர் வீட்டுக்குத் தரை பார்க்கப் போனால் முதல் பேச்சு இதுதான்: "ஆயிரம் கிலோ காரே நிக்குது சார், நூறு கிலோ வெயிட் என்ன பண்ணிடும்?" கும்பகோணத்திலும் இதேதான், மன்னார்குடியிலும் இதேதான். சொல்கிறவர் காலடியில் பார்க்கிங் டைல்ஸ் நாலாக வெடித்துக் கிடக்கும்.

கார் நிற்கிறது. அதை யாரும் தூக்கிப் போடுவதில்லை. ஆயிரம் கிலோவும் காற்றடைத்த நாலு டயரில் பிரிந்து, டயருக்கு 250 கிலோவாக இறங்குகிறது. பிளேட் மாட்டிய 100 கிலோ இரும்புப் பாரை ஒரு மீட்டர் உயரத்தில் கைவிட்டால் அது ஒரு சென்டிமீட்டருக்குள் நின்றாக வேண்டும். அந்த நேரத்தில் தரை வாங்குவது சராசரியாகவே 10 டன் அடி, அதுவும் பிளேட்டின் விளிம்பில். காரை மொட்டைமாடியிலிருந்து தள்ளிவிட்டுப் பாருங்கள், பிறகு கணக்குப் பேசலாம்.

நம்மூர் ஷெட் தரையின் லட்சணமோ ஊரறிந்தது. வீடு முடிந்து மிஞ்சிய ஜல்லியில் போட்ட மூன்று அங்குல கான்கிரீட், கம்பி கிடையாது. அடியில் களிமண்: தண்ணீர் பட்டால் உப்பும், சித்திரையில் வெடிக்கும். டைல்ஸை நாணயத்தால் தட்டிப் பாருங்கள். பொள்ளலாகச் சத்தம் கேட்கும் டைல்ஸ்தான் முதலில் போகும்.

"ரப்பர் மேட் போட்டாச்சே!" மேட் அடியைக் கொஞ்சம் குறைக்கும், ஈரத்தை மூடி வைக்கும். டைல்ஸ் பெயர்த்த இடத்தில் 18 அங்குலச் சதுரப் பாலிதீன் தாளை விரித்து, நாலு ஓரமும் டேப் ஒட்டி, 24 மணி நேரம் விடுங்கள். அடியில் நீர் முத்துக் கோத்தாலோ தரை கறுத்தாலோ ஈரம் ஏறுகிறது. கோடையில் பார்த்து ஏமாறாதீர்கள். மேட்டூர் திறந்து வாய்க்கால் ஓடும்போதோ ஐப்பசி மழையிலோ பாருங்கள்.

பழைய தரையை உடைத்தெடுத்து, கிராவல் கொட்டித் திமிசு போட்டு இறுக்கி, 250 மைக்ரான் பாலிதீன் விரித்து, மேலே 5 அங்குலம் எம் 20 தரக் கான்கிரீட். 8 மி.மீ. கம்பி, இரு பக்கமும் 8 அங்குல இடைவெளி. குறைந்தது ஏழு நாள் தண்ணீர் கட்ட வேண்டும். "மூணு நாள் போதும்" என்கிற மேஸ்திரிக்குத் தலையாட்டாதீர்கள். 28 நாளுக்கு முன் பாரைப் போடவும் கூடாது. வெயிட் போடும் 8க்கு 8 அடி இடத்தில் மட்டும் 20 மி.மீ. ரப்பர் டைல் இரண்டு அடுக்கு. வீடியோவில் பார்த்த பிளைவுட் மேடை இங்கே கரையானுக்கு விருந்து.

உடைக்க மனமில்லையா? பாரைக் கீழே போடாத பயிற்சியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

டிரெட்மில்லுக்கு 16 ஆம்பியர் பாயிண்ட், தனி லைன், தனி எம்சிபி (லோடு மீறினால் தானே ஆஃப் ஆகும் சுவிட்ச்), ஒழுங்கான எர்த், 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் லைனைத் துண்டிப்பது). "ரப்பர் மேல நிக்கிறேன், ஷாக் அடிக்காது" என்பவரின் வியர்த்த கை இரும்பு ஷட்டரில் இருக்கும்.

புல்-அப் பாரை நாலரை அங்குலச் சுவரில் மாட்டாதீர்கள். கான்கிரீட் பீமில் ஆங்கர் போல்ட் போடுங்கள். கூரை ஷீட்டைத் தாங்கும் பைப்பில் எதையும் தொங்கவிட வேண்டாம்.

கடைசியாக, கெஞ்சிக் கேட்கிறேன். பூச்சிமருந்து டின், ஸ்பிரேயர், பெட்ரோல் கேன், பொட்டாஷ் மூட்டை எல்லாம் "ஒரு மூலைல இருக்கட்டும்" என்று விடாதீர்கள். பொட்டாஷ் ஈரம் பட்டு டம்பெல் துருப்பிடித்தால் வேறு வாங்கலாம். மருந்து நெடியில் ஷட்டரை இறக்கிவிட்டு மூச்சிரைக்க ஓடுவது நீங்கள்தான். அதையெல்லாம் வெளியேற்றி, எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டிய பிறகு டிரெட்மில்லை உள்ளே இறக்குங்கள்.