பாட்டன், பூட்டன் பெயரைத் தேடுகிறவர்களுக்கு: சேலத்துப் பழைய பிறப்பு, இறப்புப் பதிவுகளைப் பெறும் வழி

பிறப்பு, இறப்புப் பதிவேட்டைத் தேடித் தரச் சொல்லிக் கேட்கும் உரிமை நேரடி வாரிசுக்கு மட்டும்தான் என்று பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1969-ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம், 17-ஆம் பிரிவின்படி, எவர் வேண்டுமானாலும் கட்டணம் செலுத்திப் பதிவாளரைத் தேடச் சொல்லலாம். பதிவு கிடைத்தால் சான்றும் கேட்டுப் பெறலாம். ஒரே ஒரு கட்டுப்பாடு: இறப்புச் சான்றில் இறப்புக்கான காரணத்தைக் காட்டக் கூடாது. பூட்டன் காலராவில் போனாரா, காய்ச்சலில் போனாரா என்பதை அந்தச் சான்றிலிருந்து தெரிந்துகொள்ள முடியாது. தேதி, ஊர், பெயர், தகப்பனார் அல்லது கணவர் பெயர் ஆகியவை கிடைக்கும். வம்சாவளி எழுத உட்காருகிறவருக்கு அதுவே பெரிய விஷயம்.

இன்னொன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிறப்பு, இறப்புப் பதிவேடுகள் நிரந்தர ஆவணங்கள், அவற்றை அழிக்கக் கூடாது என்பது விதி. "அவ்வளவு பழசெல்லாம் இப்ப இருக்காதுங்க" என்று கவுன்டரில் யாராவது சொன்னால் அதோடு திரும்பிவிட வேண்டாம். பதிவேடு இப்போது எந்த அலுவலகத்தின் பொறுப்பில் இருக்கிறது என்று பணிவாகக் கேளுங்கள்.

இணையத்தில் கிடைப்பது எது என்று முதலில் பார்த்துவிடலாம். 1-1-2018 முதல் தமிழ்நாடு முழுவதற்கும் ஒரே மென்பொருளில் பிறப்பும் இறப்பும் பதிவாகின்றன. அந்தத் தேதிக்குப் பிந்திய சான்றுகளை சிஆர்எஸ்டிஎன் என்ற, தமிழ்நாட்டுப் பிறப்பு, இறப்புப் பதிவுக்கான இணையதளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம், இ-சேவை மையத்திலும் எடுத்துத் தருவார்கள். அதற்கு முந்தியவை எங்கே, யார் கையில் பதிவாயின என்பதைப் பொறுத்தவை. நகரப் பதிவுகளுக்கு மாநகராட்சி, கிராமப் பதிவுகளுக்கு வருவாய்த் துறையும் பதிவுத் துறையும். கணினியில் ஏற்றிய ஆண்டுகள் இடத்துக்கு இடம் மாறும். அதனால் திரையில் "பதிவு இல்லை" என்று வந்தால், கணினியில் இல்லை என்று மட்டும்தான் அதற்கு அர்த்தம். தாத்தா காலத்துப் பதிவுகளில் பெரும்பகுதி இன்னும் காகிதப் பதிவேட்டில்தான் இருக்கும் என்று வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குவது நல்லது.

தேடுகிறவர்களில் பெரும்பாலோர் சறுக்குவது கணினியில் அல்ல, ஊரில். பிறப்பும் இறப்பும் அவை நடந்த இடத்தில்தான் பதிவாகும். சொந்த ஊர், ரேஷன் கார்டு இருக்கும் ஊர், குலதெய்வம் இருக்கும் ஊர் எதுவும் கணக்கில் வராது. நம் பக்கம் தலைப்பிரசவம் தாய்வீட்டில். அப்பா ஓமலூர்க்காரர் என்பதற்காக அவர் பிறப்பை ஓமலூரில் தேடிக்கொண்டே இருப்பார்கள். அவரோ அவருடைய அம்மாயி வீடு இருந்த ஆத்தூர்ப் பக்கக் கிராமத்தில் பிறந்திருப்பார், பதிவும் அங்கேதான் கிடக்கும். அதனால் மூத்த பிள்ளையின் பிறப்பைத் தேடுகிறவர்கள் முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது, அந்தப் பிள்ளையின் அம்மா எந்த ஊரில் பிறந்து வளர்ந்தவர் என்பதை.

ஆஸ்பத்திரிக்கும் இதே கணக்குதான். ஏற்காட்டு மலைக் கிராமத்துப் பெண்ணுக்குச் சேலம் பெரியாஸ்பத்திரியில் பிரசவம் ஆகியிருந்தால் அந்தப் பதிவு மலையில் இருக்காது, நகரத்தில்தான் இருக்கும். மலையிலிருந்து கீழே கொண்டுவந்து வைத்தியம் பார்த்தும் காப்பாற்ற முடியாமல் போனவரின் இறப்பும் அப்படியே. வீட்டிலேயே பிறந்தார், வீட்டிலேயே இறந்தார் என்றால் அந்தக் கிராமத்துப் பதிவேடு.

எல்லைகள் மாறியதையும் கவனிக்க வேண்டும். பழைய பத்திரத்திலும் ஜாதகத்திலும் "சேலம் ஜில்லா" என்று இருந்தால் அது இன்றைய சேலம் மாவட்டமாக இருக்க வேண்டியதில்லை. தருமபுரி 1965-இல் பிரிந்தது, நாமக்கல் 1997-இல் பிரிந்தது, தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி 2004-இல் பிரிந்தது. 1950-இல் "சேலம் ஜில்லா, ராசிபுரம் தாலுகா" என்று எழுதியிருந்தால் நீங்கள் போக வேண்டியது நாமக்கல் மாவட்டத்துக்கு. நகருக்குள்ளும் இப்படி உண்டு. சேலம் 1866-லேயே நகராட்சி ஆனது, 1994-இல் மாநகராட்சி ஆனது. சூரமங்கலம் அதற்கு முன் தனி நகராட்சி. இன்றைக்கு மாநகராட்சி வார்டாக இருக்கும் இடம் உங்கள் பாட்டி பிறந்தபோது தனிக் கிராமமாக இருந்திருக்கலாம். அப்படியானால் பதிவு கிராமக் கணக்கில் இருக்கும்.

ஊர் நிச்சயமானதும் அடுத்தது வருஷம். தேடும் கட்டணத்தை எத்தனை ஆண்டுப் பதிவேட்டைப் புரட்டுகிறார்கள் என்பதை வைத்துத்தான் வாங்குகிறார்கள். "1930-லிருந்து 1950-க்குள்" என்று எழுதிக் கொடுத்தால் செலவும் கூடும், தேடுகிறவருக்கும் சலிப்பு வரும். இரண்டு மூன்று வருஷத்துக்குள் குறுக்கிக்கொண்டு போங்கள்.

அதற்கு வீட்டில் இருக்கும் ஜாதக நோட்டைப் போல உதவும் ஆவணம் வேறு இல்லை. அதில் தமிழ் வருஷத்தின் பெயர் இருக்கும். தமிழ் வருஷம் ஏப்ரல் நடுவில் தொடங்கி அடுத்த ஏப்ரல் வரை போவதால் இங்கேதான் பலரும் ஒரு வருஷம் தள்ளிப் பார்த்துவிடுகிறார்கள். "சித்திரபானு வருஷம், தை மாசம் 12" என்று இருந்தால் சித்திரபானு 1942-இல் பிறக்கிறது, ஆனால் அதன் தை மாசம் 1943 ஜனவரி, பிப்ரவரியில் வருகிறது. ஆகவே 1943-ஆம் வருஷப் பதிவேட்டைக் கேட்க வேண்டும். மார்கழி நடுவிலிருந்து பங்குனி முடிய எந்தத் தேதி இருந்தாலும் ஆங்கில வருஷத்தில் ஒன்று கூட்டிக்கொள்ளுங்கள். 60 வருஷத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பி வரும் என்பதால் 1882-இல் வந்த சித்திரபானுவா, 1942-இல் வந்ததா என்பதைப் பிள்ளைகளின் வயதை வைத்துச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

ஜாதகம் இல்லாத வீடுகளில் பெரியவர்களிடம் வருஷத்தைக் கேட்காதீர்கள், சம்பவத்தைக் கேளுங்கள். "மேட்டூர் டேம் திறந்தப்போ எனக்கு நடக்கத் தெரியும்னு எங்கம்மா சொல்லும்" என்று ஒரு பாட்டி சொன்னால் 1934-க்கு ஒன்றிரண்டு வருஷம் முன்னால் தேட வேண்டும் என்று புரிந்துவிடும். காந்தி இறந்த சேதி வந்தபோது கைப்பிள்ளையாக இருந்தவர் 1946, 1947 வாக்கில் பிறந்தவர்.

கிராமப் பதிவேடுகளின் கதை கொஞ்சம் நீளம். 1969 சட்டம் நடைமுறைக்கு வந்தது 1970-இல். அதற்கு முன் சென்னை மாகாணத்தில் 1899-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பதிவு நடந்தது. கிராமங்களில் அந்தக் கணக்கை எழுதியவர் முன்சீப், நம் பக்கத்து வழக்கில் மணியக்காரர். பரம்பரை மணியமும், கணக்குப்பிள்ளை வேலையான கர்ணமும் 1980-இல் ஒழிந்த பிறகு அந்த வேலை கிராம நிர்வாக அலுவலருக்கு வந்தது. இப்போதைய விதியின்படி அந்தந்த ஆண்டு முடிந்து 12 மாதம் வரைதான் பதிவேடு பதிவாளரிடம் இருக்கும், பிறகு பாதுகாப்புக்காக மேல் அலுவலகம் போய்விடும். அதனால் தாத்தா காலத்துப் பதிவுக்கு விஏஓ அலுவலகத்தில் நின்று பயனில்லை. தாலுகா அலுவலகத்தில் கேளுங்கள், அங்கே இல்லையென்றால் அந்தக் கிராமம் எந்தச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு உட்பட்டதோ அங்கே கேளுங்கள். பழைய கிராமப் பிறப்பு, இறப்புப் பதிவேடுகள் பல சார்பதிவாளர் அலுவலகங்களில் இருக்கின்றன என்பது பத்திர வேலையாக அங்கே போய்வருகிறவர்களுக்குக்கூடப் பெரும்பாலும் தெரிவதில்லை. பதிவுத் துறையின் டிஎன்ரெஜிநெட் இணையதளத்திலும் பிறப்பு, இறப்புக்கான தேடல் உண்டு. அங்கே ஒருமுறை பார்த்துவிட்டு நேரில் போனால் அலைச்சல் குறையும்.

இனிப் பெயர். ஒரு பழைய பிறப்புப் பதிவைத் திறந்தால் அதில் குழந்தையின் பெயர் பெரும்பாலும் இருக்காது. தேதி, "பெண்" என்று ஒரு சொல், தகப்பன் பெயர், தாய் பெயர், ஊர் இவ்வளவுதான். பெயர் வைப்பதற்கு முன்பே பிறப்பைச் சொல்லிப் பதிந்துவிடுவார்கள். இன்றைய சட்டமும் பெயரில்லாமல் பதிய இடம் கொடுத்து, பிறகு சேர்க்க அவகாசம் தருகிறது. ஆகவே "பாவாயி" என்று தேடினால் கிடைக்காது. பாவாயியின் தகப்பனார் பெயரில் தேட வேண்டும். அந்தப் பெயரும் நீங்கள் அறிந்த மாதிரியே எழுதப்பட்டிருக்கும் என்று சொல்ல முடியாது. வீட்டில் பெரியசாமி என்றால் பதிவேட்டில் பெரியண்ணனாக இருக்கும். பெயரோடு சாதிப் பட்டம் ஒட்டியிருக்கும், அல்லது பட்டம் மட்டும் தனியாக நிற்கும். கணினியில் ஏற்றியவர் கையெழுத்தைப் படித்து ஏற்றியதால் ல, ள, ழ மாறியிருக்கும். ஆங்கிலத்தில் ஏற்றியிருந்தால் முத்துவுக்கு ஒரு 'எச்' கூடும், குறையும். பட்டத்தோடு, பட்டமில்லாமல், முதல் மூன்று எழுத்தை மட்டும் கொடுத்து என்று மாற்றி மாற்றித் தேடிப் பாருங்கள்.

பதிவேட்டில் தகவல் கொடுத்தவர் யார் என்பதும் இருக்கும். சான்றிதழில் அது வராது. ஆனால் குடும்ப வரலாறு தேடுகிறவருக்கு மிக அருமையான தகவல் அதுதான். பிறப்பைச் சொன்னவர் குழந்தையின் தாய்மாமனாக இருந்து, அவர் பெயர் நீங்கள் கேள்விப்படாத பெயராக இருந்தால், ஒரு முழுக் கிளையே உங்கள் கைக்கு வந்த மாதிரி. தேடித் தரும் அலுவலரிடம் அந்த இடத்தையும் படித்துச் சொல்லும்படி கேளுங்கள். பலர் மறுக்க மாட்டார்கள்.

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைக்கு இன்னொரு வழியும் உண்டு. 1820-களில் கலெக்டர் காக்பர்ன் காப்பியைக் கொண்டுவந்த பிறகு தோட்ட முதலாளிகளும் கங்காணிகளும் கீழ்நாட்டுக் கூலிக் குடும்பங்களும் மலையேறினார்கள். கிறிஸ்தவக் குடும்பமாக இருந்தால் அரசுப் பதிவைவிடக் கோயில் பதிவேடு பழையதாகவும் விரிவாகவும் இருக்கும். ஞானஸ்நானப் பதிவில் ஞானப் பெற்றோர் பெயரும், திருமணப் பதிவில் இரண்டு தகப்பன்மார் பெயரும் கிடைக்கும். கத்தோலிக்கர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: சேலம் மறைமாவட்டம் உருவானது 1930-இல். அதற்கு முந்திய கடிதங்களும் ஆவணங்களும் பழைய மறைமாவட்டங்களில் இருக்கலாம், பதிவேட்டைப் பங்குக் கோயிலிலேயே கேளுங்கள். ஐரோப்பியர், ஆங்கிலோ இந்தியர் குடும்பங்களுக்கு வேலை இன்னும் எளிது. சென்னை மாகாணத்துத் தேவாலயங்களின் ஞானஸ்நானம், திருமணம், அடக்கப் பதிவுகளின் பிரதிகள் அந்நாளில் லண்டனுக்குப் போயின, இப்போது பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. ஃபைண்ட்மைபாஸ்ட் தளத்தில் பணம் கட்டிப் பார்க்கலாம். ஃபேமிலிசர்ச் தளத்தில் அட்டவணையை இலவசமாகத் தேடலாம்.

இந்த மலையின் பழங்குடிகளான மலையாளி மக்களின் பிறப்புகள் பெரும்பாலும் வீட்டில், மலைக் கிராமத்தில் நடந்தவை. பதியாமல் விட்டுப்போனவையும் நிறைய. அவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கைப் பதிவேடுதான் முதல் எழுத்துச் சான்றாக இருக்கும். சாதிச் சான்று கேட்டு அலையும் பிள்ளைகளுக்குத் தாத்தாவின் பள்ளிப் பதிவு எவ்வளவு முக்கியம் என்பதை மலையில் இருப்பவர்களிடம் கேட்டால் தெரியும். வம்சாவளிக்காகத் தேடுகிறவர்கள் அந்த நகலை வீட்டில் எல்லோருக்கும் எடுத்துக் கொடுத்துவிடுவது நல்லது.

வெளிநாட்டிலிருந்து தேடி வருகிறவர்கள் எதிர்த் திசையில் வர வேண்டும். 1860 முதல் 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறியவர்களின் பட்டியலில் ஆளின் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம் எல்லாம் எழுதியிருப்பார்கள். ஃபிஜிக்குப் போனவர்களின் குடியேற்றச் சீட்டும் அப்படித்தான். சென்னையிலிருந்து அங்கே ஆள் அனுப்பியது 1903 முதல். இந்தப் பட்டியல்கள் அவர்கள் போய்ச் சேர்ந்த நாட்டில்தான் பத்திரமாக இருக்கின்றன, கணிசமானவை கணினியிலும் ஏறிவிட்டன. கிராமத்தின் பெயரை ஆங்கிலேயர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார்கள். வாய்விட்டுப் படித்து, சேலம், ஆத்தூர், நாமக்கல் வட்டாரத்துக் கிராமப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கிராமம் தெரிந்த பிறகு இங்கே சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போனால் போதும். 1899-க்கு முன் பிறந்தவரின் பதிவைக் கிராமக் கணக்கில் எதிர்பார்க்க வேண்டாம், ஊரில் தங்கிவிட்ட தம்பி, தங்கை பிள்ளைகளின் பதிவைத் தேடுங்கள்.

திருமணத்துக்கு அதிகம் எதிர்பார்க்க முடியாது. தமிழ்நாட்டில் எல்லாத் திருமணங்களையும் பதிவது கட்டாயமானது 2009-இல்தான். அதற்கு முன் நடந்த இந்துத் திருமணங்களில் பெரும்பாலானவற்றுக்கு அழைப்பிதழும் மொய் நோட்டும்தான் சாட்சி. மொய் நோட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், பங்காளி யார், மாமன் மச்சான் யார், எந்த ஊர் என்பதெல்லாம் அதில் வரிசையாக இருக்கும்.

தேடியும் கிடைக்கவில்லை என்றால் வாய்வார்த்தையோடு விடாமல், பதிவு இல்லை என்பதற்கான சான்றைக் கேட்டு வாங்குங்கள். படிவம் 10 என்று கேட்டால் புரியும். எந்த ஊரில், எந்த ஆண்டுகளில் தேடினார்கள் என்பதை நீங்களும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். அடுத்த தலைமுறையில் யாராவது அதே பதிவேட்டை மறுபடி புரட்ட வேண்டியிருக்காது. பட்டா மாறுதலுக்கோ வாரிசுச் சான்றுக்கோ அந்த இறப்புச் சான்று அவசியம் தேவைப்பட்டால், ஓராண்டுக்கு மேல் தாமதமான பதிவுக்குக் கோட்டாட்சியரிடம் மனுச் செய்ய வேண்டும், அப்போது படிவம் 10-ஐக் கேட்பார்கள். வெறும் வம்சாவளிக்காக என்றால் அந்த வழிக்குப் போக வேண்டாம். அதற்குப் பதில் குடும்ப நிலத்தின் பழைய கிரயப் பத்திரத்துக்கு நகல் மனுப் போடுங்கள். இன்னார் மகன் இன்னார், இன்ன ஊரில் இருப்பு, இன்ன வயது என்று அதில் எழுதியிருக்கும், பாகப்பிரிவினைப் பத்திரமாக இருந்தால் அண்ணன் தம்பி அத்தனை பேரின் பெயரும் இருக்கும்.