கரைவலைப் பாட்டும் ஏழு பிட்களும்

திருகோணமலையை அடுத்த உப்புவெளிக் கடற்கரையில் கரைவலை இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு அம்பாப் பாட்டு தெரிந்திருக்கும். ஒருவர் அடியெடுத்துக் கொடுப்பார். கயிற்றில் நிற்கிற மற்றவர்கள் பதிலடி சொல்லிக்கொண்டே ஒரே மூச்சில் இழுப்பார்கள். பாட்டில் மீன் அகப்படாது. ஆனால் பாட்டு நின்றால் ஆளுக்கொரு நேரத்தில் இழுபட்டு வலை கோணிக்கொள்ளும்.

தொலைபேசி நிலையங்களுக்கு இடையே ஓடும் டிஜிட்டல் இணைப்பிலும் இப்படி ஓர் அம்பா உண்டு. பேசுகிறவர்கள் அதைக் கேட்பதில்லை. அதை மேந்தலை பிட்கள் என்று சொல்கிறேன் (பிட் என்பது 0 அல்லது 1 என்ற ஒற்றை இலக்கம்). உயர்தரத்தில் கணக்கீடு படித்தவர்களுக்கு மேந்தலைச் செலவு பழகிய சொல்: விற்கும் பொருளில் நேரே சேராத, ஆனால் அது இல்லாமல் பொருளே உருவாகாத செலவு.

முதலில் பேச்சு எப்படி எண்ணாகிறது என்று பார்த்துவிடுவோம். குரலின் அலை செக்கனுக்கு 8,000 தடவை அளக்கப்படுகிறது. ஒவ்வோர் அளவும் 8 பிட்களாக எழுதப்படுகிறது. ஆக ஒரு பேச்சுக்குச் செக்கனுக்கு 64,000 பிட்கள். ஒரு பேச்சுக்கு ஒரு கம்பி என்று இழுத்துக் கட்டுப்படியாகாது. அதனால் 125 மைக்ரோ செக்கனுக்கு ஒரு முறை ஒவ்வொரு பேச்சிலிருந்தும் 8 பிட்களை எடுத்து, வரிசையாக அடுக்கி, ஒரே சட்டகமாக அனுப்புகிறார்கள். ஐரோப்பாவில் பிறந்து நம் நாட்டிலும் புழங்கும் ஈ1 முறையில் ஒரு சட்டகத்துக்கு 32 துண்டுகள் (பேச்சுக்கு முப்பது), அதாவது 256 பிட்கள். செக்கனுக்கு 8,000 சட்டகங்கள்; கணக்கு 20,48,000 பிட்கள்.

மறுமுனைக்கு வந்து சேர்வதோ 0, 1 என்ற வெறும் ஓட்டம். இடைவெளி கிடையாது, புள்ளி கிடையாது. ஏட்டுச்சுவடியில் சொற்களைப் பிரிக்காமல் எழுதிவந்த மொழி நம்முடையது. இந்தச் சங்கடம் நமக்குப் புதிதல்ல. ‘செம்பொன்பதின்றொடி’ என்று இலக்கண ஆசிரியர்கள் ஓர் எடுத்துக்காட்டுத் தருவார்கள். ‘செம்பொன் பதின்தொடி’ என்று பிரித்தால் பொன், பத்துத் தொடி (தொடி ஒரு பழைய நிறையளவு). ‘செம்பு ஒன்பதின்தொடி’ என்று பிரித்தால் செம்பு, ஒன்பது தொடி. பிரிக்கும் இடம் சற்று நகர்ந்ததும் பொன் செம்பாகிவிட்டது. பிட் ஓட்டத்திலும் எல்லை ஒரே ஓர் இடம் தவறினால் முப்பது பேருடைய பேச்சும் ஒருசேர இரைச்சலாகிவிடும்.

ஆகவே 32 துண்டுகளில் முதலாவதான பூச்சியத் துண்டு பேச்சுக்குக் கொடுக்கப்படுவதில்லை. ஒன்றுவிட்ட ஒரு சட்டகத்தில் அதன் 2ஆம் இடத்திலிருந்து 8ஆம் இடம்வரை 0011011 என்ற மாறாத கோலம் வரும். அடியெடுத்துக் கொடுப்பவரின் குரல் அதுதான்.

இங்கே ஒரு கேள்வி எழ வேண்டும். பேச்சின் பிட்களிலும் தற்செயலாக 0011011 வராதா? வரும், தாராளமாக வரும். ஏழு பிட்கள் 128 விதமாக அமையலாம். ஆகவே 256 பிட் கொண்ட ஒரு சட்டகத்தில் சராசரியாக இரண்டு இடங்களிலாவது இந்தக் கோலம் போலியாகத் தோன்றும். பெறும் கருவி அதனால் முதற் பார்வையில் நம்புவதில்லை. கோலம் கண்ட இடத்தைக் குறித்துக்கொண்டு ஒரு சட்டக நீளம் காத்திருக்கும். அங்கே கோலம் இருக்கக் கூடாது. 2ஆம் இடத்தில் கோலத்தின் 0க்குப் பதிலாக 1 இருக்க வேண்டும். இன்னொரு சட்டகம் கழித்துக் கோலம் திரும்பவும் வர வேண்டும். மூன்றும் பொருந்தினால்தான் ‘பிடித்துவிட்டேன்’ என்று முடிவு செய்யும். பிடித்ததை விடுவதற்கும் பொறுமை காட்டும்: தொடர்ந்து மூன்று கோலங்கள் பிழைத்த பிறகே கைவிட்டு மறுபடி தேடத் தொடங்கும். பிட் ஒன்று பழுதானதற்காக முப்பது அழைப்புகளையும் குலைக்கக் கூடாது அல்லவா? அந்த மூன்று கோலங்கள் வந்துபோக ஒரு மில்லி செக்கன்கூட ஆகாது.

கோலம் வராத சட்டகங்களில் பூச்சியத் துண்டின் 3ஆம் பிட்டை நான் மறக்கவே மாட்டேன். ‘நீ அனுப்புவது எனக்கு வந்து சேரவில்லை’ என்று எதிர்முனை சொல்லும் பிட் அது. வேலை பழகிய புதிதில் ஒரு நாள் மாலை இணைப்பு அறுந்தது. கருவியில் ஒரு மஞ்சள் விளக்கு மட்டும் எரிந்தது. நான் உள்வரும் கேபிளைத் துடைத்தும் மாற்றியும் ஒரு மணி நேரத்தைக் கழித்தேன். மூத்தவர் ஒருவர் வந்தார், விளக்கைப் பார்த்தார். “தம்பி, அவர்களுடைய கதை எங்களுக்குக் கேட்கிறது. கேட்காவிட்டால் இந்த விளக்கு எப்படி எரியும்? எங்களுடைய கதைதான் அங்கே போகவில்லை” என்றார். பின்பக்கம் கைவிட்டு, அனுப்பும் கேபிளின் இணைப்பியைத் தடவிப் பார்த்து அரைத் திருகு இறுக்கினார். விளக்கு அணைந்தது. இரண்டு ஊர்களுக்கு நடுவே பழுது எந்தத் திசையில் என்பதை அந்த ஒற்றைப் பிட் முன்னரே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. எனக்குத்தான் வாசிக்கத் தெரியவில்லை.

மிஞ்சிய துண்டுகளில் 16ஆவது துண்டு, யார் தொலைபேசியை எடுத்தார், யார் வைத்தார் என்ற செய்திக்கு. அமெரிக்காவில் 1962இல் பெல் நிறுவனம் கொண்டுவந்த டீ1 முறை இந்த விடயத்தில் சிக்கனமானது: 24 பேச்சுகளின் 192 பிட்களுக்கு ஒரே ஒரு மேந்தலை பிட், மொத்தம் 193. எடுத்தார், வைத்தார் செய்திக்கோ, பிற்பாடு வந்த வடிவத்தில், ஆறு சட்டகத்துக்கு ஒரு தடவை பேச்சின் கடைசி பிட்டையே எடுத்துக்கொண்டார்கள். காதுக்கு அது தெரியாது. ஆனால் பின்னாளில் அதே பாதையில் கணினித் தரவு போகத் தொடங்கியபோது இடைஞ்சலாயிற்று. 32இல் இரண்டைக் கொடுத்த ஐரோப்பியக் கணக்கே எனக்கு நேர்மையானதாகப் படுகிறது.

கோலத்தைச் சரிபார்ப்பதிலும் ஓர் ஓட்டை உண்டு. தரவு ஒன்று விடாமல் அதே கோலத்தை அதே இடைவெளியில் அனுப்பிக்கொண்டிருந்தால் கருவி போலியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடும். இதற்காகப் பூச்சியத் துண்டின் முதல் பிட்டில் மீதிக் கணக்கு வைத்தார்கள். எட்டுச் சட்டகங்களின் 2,048 பிட்களை ஒரு பெரிய எண்ணாகப் பாவித்து, குறித்த ஒரு வகுத்தியால் வகுத்து, வரும் 4 பிட் மீதியை அடுத்த எட்டுச் சட்டகங்களோடு அனுப்புகிறார்கள். பெறுபவரும் வகுத்துப் பார்க்கிறார். மீதி ஒத்துப்போகாவிட்டால் வழியில் ஏதோ பழுதாகியிருக்கிறது. செக்கனுக்கு இப்படி 1,000 சோதனைகள். அவற்றில் 915 அல்லது அதற்கு மேல் பிழைத்தால், பிடித்த எல்லையே போலி என்று தீர்மானித்துத் தேடல் மறுபடி தொடங்கும்.

இத்தனையும் எவ்வளவு இடத்தில் நடக்கிறது? கண்ணாடி இழையில் ஒளி செக்கனுக்கு ஏறக்குறைய 2,00,000 கிலோமீட்டர் ஓடும். அப்படியானால் ஒரு ஈ1 பிட்டின் நீளம் கிட்டத்தட்ட 100 மீட்டர். ஏழு பிட் கோலம் ஏறத்தாழ 700 மீட்டர். ஒரு முழுச் சட்டகம் 25 கிலோமீட்டர். அதன் தலையைத் திருகோணமலை நகரத்தில் வைத்தால் வால் நிலாவெளியையும் தாண்டிக் கிடக்கும். கொழும்புவரை பத்துச் சட்டகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடிக்கொண்டிருக்கும்.

பல ஈ1களை ஒன்றாக ஏற்றிச் செல்லும் பிற்காலத்து எஸ்டிஎச் இணைப்புகளின் அடிப்படைச் சட்டகமான எஸ்டிஎம்-1இல் மேந்தலைக்குத் தாராளமாகவே இடம் விட்டார்கள். 9 வரி, 270 நிரலாக அடுக்கிய பைட்கள் (ஒரு பைட் 8 பிட்); அதே 125 மைக்ரோ செக்கன். முதல் 9 நிரல்கள் மேந்தலைக்கு. இரு முனைகளிலும் வேலை செய்கிறவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள அதில் தனியே இரண்டு பைட்கள் இருக்கின்றன. கே1, கே2 என்று இன்னும் இரண்டு பைட்கள் இருக்கின்றன. இழை அறுந்தால் மாற்றுப் பாதைக்குத் தாவும்படி கருவிகள் ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்வது அவற்றின் வழியாகத்தான். தாவுவதற்கு அவற்றுக்கு விதித்த நேரம் 50 மில்லி செக்கன். வீதி தோண்டும் இயந்திரம் எங்கோ இழையை அறுத்துவிட, கொழும்பில் இருக்கும் மகள் ‘அம்மா’ என்று அழைக்கத் தொடங்கியிருந்தால், முதல் ‘அ’ முடிவதற்குள் பேச்சு வேறு பாதையில் போய்க்கொண்டிருக்கும்.