பீடிங் மாற்றியும் காருக்குள் தண்ணீர் வருகிறதா?

ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாகச் சாரலோடு பொள்ளாச்சிக்குள் நுழைந்தால் போதும், என் பட்டறைக்குப் பழைய வண்டிகள் வர ஆரம்பித்துவிடும். மாருதி 800, ஆம்னி, எப்போதாவது ஓர் அம்பாசடர். "உள்ளே தண்ணி இறங்குது, பீடிங்க மாத்திக் குடுங்க" என்பார்கள். கதவு, கண்ணாடி ஓரங்களில் தண்ணீர் புகாமல் மாட்டியிருக்கும் ரப்பர் பட்டையைத்தான் பீடிங் என்கிறோம்.

சில வருடங்களுக்கு முன் ஆனைமலைப் பக்கத்துத் தோப்புக்காரர் ஒருவர் மாருதி 800 கொண்டுவந்தார். ஓட்டுகிறவர் கால் வைக்கும் இடம் நனைந்து கிடந்தது. கதவு பீடிங் வெடித்திருந்ததால் வேறெதையும் பார்க்காமல் புதுசு போட்டு அனுப்பினேன். ஐப்பசி மழையில் திரும்பி வந்தார். "ஏனுங் தம்பி, மாத்தியும் வண்டிக்குள்ள கால வெச்சா சேத்து வயலாட்டவே இருக்குதுங்களே?" கோபம்கூடப் படவில்லை, அதுதான் எனக்கு வெட்கமாகப் போனது. முன் கண்ணாடி ரப்பரின் கீழ் மூலையில் ஒரு வெடிப்பு. தண்ணீர் அதில் நுழைந்து, டேஷ்போர்டுக்குப் பின்னால் இறங்கி, தரையில் விரித்த மேட்-டுக்கு அடியில் தேங்கியிருந்தது. இரண்டாம் முறை கூலி வாங்கவில்லை.

அன்றிலிருந்து ஹோஸ் பிடித்துப் பார்க்காமல் பீடிங்கில் கை வைப்பதில்லை. உள்ளே ஒருவர் டார்ச்சோடு உட்கார, வெளியே இருப்பவர் தண்ணீரை மெதுவாகக் கீழிருந்து மேலே கொண்டுபோக வேண்டும். மேலே ஆரம்பித்தால் எங்கும் வழிந்து, ஓட்டை எதுவென்றே தெரியாது. பிரஷர் கன் வேண்டாம், நல்ல பீடிங்கையும் தாண்டி உள்ளே பீய்ச்சிவிடும். கதவுக்கு ஒரு காகிதத் துண்டு போதும். இடையில் வைத்துச் சாத்தி இழுத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் ரப்பர் செத்துவிட்டது, அல்லது கதவு தொங்கிவிட்டது. கதவு தொங்கியிருந்தால் எத்தனை பீடிங் மாற்றினாலும் வீண்.

ரப்பரை வெடிக்க வைப்பது வெயிலும் காற்றிலுள்ள ஓசோனும். இழுபட்டு நிற்கும் இடத்தைத்தான் ஓசோன் முதலில் பிடிக்கும், அதனால்தான் மூலைகள் முந்திக்கொள்கின்றன. இப்போது கார் பீடிங்குகள் பெரும்பாலும் ஈபிடிஎம் என்ற செயற்கை ரப்பரில் வருகின்றன. வெயிலை நன்றாகத் தாங்கும், ஆனால் டீசலுக்கும் கிரீஸுக்கும் ஆகாது. கழுவி முடித்து, பளபளப்புக்காக டீசல் துணியால் ஒரு இழுப்பு இழுப்பார்களே, அதை விட்டுவிடுங்கள். ரப்பர் எண்ணெயைக் குடித்து உப்பி, இளகி, வடிவம் கெட்டுவிடும். சோப்புத் தண்ணீரில் துடைத்து, காய்ந்தபின் சிலிக்கான் ஸ்பிரே அடித்தால் போதும்.

சரி, வெடித்ததை ஒட்ட முடியுமா? நகத்தால் அழுத்திப் பாருங்கள். பள்ளம் உடனே எழும்பினால் ரப்பருக்கு உயிர் இருக்கிறது. மேலோட்டமான மயிர்க்கோடுகளை அப்படியே விட்டுவிடலாம். கதவு பீடிங் ஓரிடத்தில் மட்டும் கிழிந்திருந்தால் எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, ஃபெவிக்விக் ஒரு சொட்டு விட்டு அழுத்திப் பிடிக்கலாம். கல்லாக இறுகியிருந்தால் மாற்றத்தான் வேண்டும். அதன்மேல் சிலிக்கான் பேஸ்ட்டை அப்பாதீர்கள். உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லாமல் போகும். வினிகர் வாடை அடிக்கும் பேஸ்ட் தகரத்தையும் துருப்பிடிக்க வைக்கும். அதைச் சுரண்டி எடுக்க நான் கேட்கும் கூலி சில நேரம் பீடிங் விலையைத் தாண்டிவிடும்.

கடைக்குப் போகும்போது பழைய பீடிங்கில் ஒரு துண்டு வெட்டி எடுத்துப் போங்கள். பார்வைக்கு ஒன்றுபோல இருப்பவை, தகரத்தைக் கவ்வும் வாயின் அகலத்தில் மாறும். மாட்டும்போது இழுக்கவே கூடாது. இழுத்து மாட்டிய ரப்பர் நாளடைவில் சுருங்கி இணைப்பில் வாய் பிளக்கும், மூலையில் சீக்கிரம் வெடிக்கும். கொஞ்சம் நெருக்கித் தள்ளியபடியே மாட்டி, இணைப்பைக் கதவின் அடிப்பக்கம் கொண்டுவந்து, கடைசியில் அரை விரல் நீளம் கூடுதலாக வைத்து வெட்டுங்கள்.

முன் கண்ணாடிக்கு இரண்டு பேர் வேண்டும். ரப்பர் பள்ளத்துக்குள் நைலான் கயிற்றைச் சுற்றிவிட்டு, சோப்புத் தண்ணீர் தடவி, வெளியிலிருந்து ஒருவர் உள்ளங்கையால் தட்டிக்கொடுக்க, உள்ளே இருப்பவர் கயிற்றை இழுத்து ரப்பர் உதட்டைத் தகரத்தின்மேல் ஏற்றுவார். அதற்கு முன் அந்த விளிம்பில் துரு இருந்தால் தேய்த்து, பிரைமர் அடித்து, பெயின்ட் போட்டுக் காயவிட வேண்டும். துருவின்மேல் மாட்டினால் அடுத்த மழைக்கே ஒழுகும். புதிய கார்களில் கண்ணாடியைப் பசையால் ஒட்டியிருப்பார்கள். அது பாடியின் பலத்தோடு சேர்ந்தது, வீட்டில் கை வைக்காதீர்கள்.

அப்புறம் கதவின் அடி ஓட்டைகள். கதவுக் கண்ணாடியில் வழியும் தண்ணீர் நல்ல பீடிங் இருந்தாலும் கொஞ்சம் கதவுக்குள் இறங்கும். வெளியேறத்தான் அடியில் ஓட்டைகள் வைத்திருக்கிறார்கள். டிங்கரிங் வேலையில் பட்டி போட்டு அடைத்துவிடுவது உண்டு. கதவைத் திறக்கும்போது சலசலவென்று சத்தம் கேட்டால் ஒரு கம்பியால் குத்திவிடுங்கள்.

தோப்புக்காரர் வண்டியில் ரப்பரைவிட அதிக நாள் எடுத்தது தரை மேட்தான். அடியில் இருந்த பஞ்சு விரிப்பு பிழியப் பிழியத் தண்ணீர் விட்டது. இரண்டு நாள் வெயிலில் போட்டு, தகரத்தில் துரு பார்த்து, அதன் பிறகுதான் சாவியைக் கொடுத்தேன்.