மூக்கு நுனியில் ஒரு அரிப்பு

கண்ணை மூடி உட்கார்ந்து இரண்டு நிமிடம் ஆகியிருக்காது, மூக்கு நுனி அரிக்கத் தொடங்கும். இத்தனை நேரம் எங்கே இருந்ததோ! உடலிலும் மனதிலும் நடப்பதை அப்படியே கவனிக்கும் பௌத்தத் தியானமான விபாசனாவைப் பழகத் தொடங்குகிறவர்களுக்கு இது அநேகமாகத் தப்பாது.

பர்மாவின் மகாசி சயாடோ (1904–1982) பரப்பிய முறையில் முதல் பாடம் வயிறு. மூச்சு உள்ளே போகும்போது உதரவிதானம் கீழிறங்கும், வயிறு எழும். மூச்சை விட்டால் தாழும். ‘எழுகிறது’, ‘தாழ்கிறது’ என்று மனதுக்குள் குறித்துக்கொண்டே வரவேண்டும். மூச்சை நீட்டுவதும் அடக்குவதும் கிடையாது. அரிப்பு வந்தால் வயிற்றை விட்டுவிட்டு ‘அரிக்கிறது, அரிக்கிறது’. கை எழப் பார்த்தால் ‘சொறிய நினைக்கிறேன்’. பொறுக்கவே முடியாதென்றால் சொறியலாம். ஆனால் கை எழுவது, விரல் படுவது எல்லாவற்றையும் குறித்தபடி, மெதுவாக.

எதற்கு இந்தக் கூத்து? அரிப்புச் செய்தியைப் பெரும்பாலும் சுமந்து வருபவை ‘சி இழைகள்’ எனும் மெல்லிய நரம்பிழைகள். வேகம் விநாடிக்கு ஏறக்குறைய 1 மீட்டர். நரம்பு மண்டலத்தின் மாட்டுவண்டி என்று சொல்லலாம். செய்தி மூளைக்கு வந்து சேர்ந்ததும், எங்கே அரிக்கிறது என்பதை ஒரு பகுதி கவனிக்கும். எவ்வளவு தொல்லை என்பதை வேறு பகுதிகள் பார்த்துக்கொள்ளும். கையை அசைக்கும் பகுதியும் தயாராகிவிடும். சொறிந்தால் அந்த லேசான வலி அரிப்பை அமுக்குகிறது. அந்தச் சுகம் மூளைக்குப் பரிசு. அடுத்த முறை கை கேட்காமலே போகும்.

துன்பம் ஒன்றிலிருந்து ஒன்றாகப் பிறக்கும் சங்கிலிதான் பௌத்தத்தின் பன்னிரு சார்புகள். மணிமேகலை அவற்றை அடுக்கும்போது ‘ஊறு, நுகர்வு, வேட்கை’ என்று வரிசையாகச் சொல்கிறது. மூக்கில் பட்டது ஊறு, அரிப்பாக உணர்வது நுகர்வு, சொறியத் துடிப்பது வேட்கை. (நுகர்வுக்குப் பாலிச் சொல் ‘வேதனா’. அது இன்பத்தையும் குறிக்கும். தமிழுக்கு வந்த ‘வேதனை’ துன்பத்தோடு நின்றுவிட்டது.) விபாசனாக்காரர் வேலை செய்யும் இடம் பின்னிரண்டுக்கும் நடுவிலுள்ள சந்து.

இதற்குள் மனம் நாளைய மின்கட்டணத்துக்குப் போயிருக்கும். நமக்கு வராது என்று பலர் எழுந்துவிடுவது இங்கேதான், அவசரப்பட்டு. அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் 2012இல் வெளியான ஆய்வில், மூச்சைக் கவனிக்கும் தியானம் பழகிய 14 பேரை மூளை ஸ்கேனில் படுக்கவைத்து, மனம் அலைந்ததை உணர்ந்ததும் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். அலையும்போது மூளையில் ஒரு வலையமைப்பு வேலை செய்தது; ‘அட, போய்விட்டேனே’ என்று பிடிக்கும் கணத்தில் வேறொன்று; மூச்சுக்குத் திரும்பும்போது மூன்றாவது. பழகியவர்களுக்கும் மனம் அலைகிறது. அதைப் பிடிக்கும் கணம்தான் பயிற்சி. அலையவே இல்லையென்றால் பிடிக்க என்ன இருக்கிறது?

அரிப்புக்குத் திரும்புவோம். விடாமல் பார்த்தால் அது ஒரே பொருளாக இருக்காது. ஊசி குத்தல், கொஞ்சம் சூடு, ஒரு துடிப்பு, நடுவில் ஒன்றுமில்லாத ஒரு நொடி. பல நேரம் சொல்லிக்கொள்ளாமலே போய்விடும். நிம்மதியாக வயிற்றுக்குத் திரும்பினால், இடது கால் மரத்துப்போயிருக்கும்.